பாண்டியர் அரண்மனை எங்கே? மதுரைக்கு மூன்று நாள் வருபவர்களுக்கு ஒரு விரிவான பதில்

கோவையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "அரையாண்டு விடுமுறையில் குடும்பத்தோடு மூன்று நாள் மதுரைக்கு வருகிறோம். எழுபது வயதைத் தாண்டிய பெற்றோர், ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகள், எட்டு வயது மகன் உடன் வருகிறார்கள். மீனாட்சியம்மன் கோயிலையும் திருமலை நாயக்கர் மஹாலையும் எல்லோரும் பார்க்கிறார்கள். பாண்டியரின் தலைநகரம் என்று பாடப்புத்தகம் சொல்கிறதே, அந்தத் தலைநகரத்தைப் பார்க்க எங்கே போக வேண்டும்? அருங்காட்சியகங்களிலும் பூங்காக்களிலும் எவற்றுக்கு நேரம் ஒதுக்கலாம், எவற்றை விட்டுவிடலாம்?"

உங்கள் மகள் இங்கே வந்ததும் கேட்கப் போகும் முதல் கேள்விக்கே முதலில் பதில் சொல்கிறேன். பாண்டியர் அரண்மனை என்று விரல் நீட்டிக் காட்ட மதுரையில் ஒரு சுவர்கூட மிச்சமில்லை. பாண்டியருக்குப் பின் 14ஆம் நூற்றாண்டில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் சுல்தான்கள் இங்கிருந்து ஆண்டார்கள். அவர்களை விஜயநகரப் படை வென்றது. பிறகு நாயக்கர்கள், அவர்களுக்குப் பின் ஆர்க்காட்டு நவாபின் ஆட்கள், கடைசியில் கும்பினி என்ற கிழக்கிந்தியக் கம்பெனி. இத்தனை அரசுகளின் கையிலும் இந்த ஊர் மாறி மாறி இருந்தது. முந்தையவரின் செங்கல்லை எடுத்துத்தான் அடுத்தவர் கட்டினார். இடைவிடாமல் மக்கள் வாழ்ந்துகொண்டிருக்கும் ஊரில் பழைய அரண்மனை நிற்காது. ஆகவே பாண்டியரை மூன்று இடங்களில் தேட வேண்டும்: ஊரைச் சுற்றியிருக்கும் மலைகளில், வைகைக் கரையின் மண்ணுக்கு அடியில், கோயிலின் கோபுரக் கல்லில். மூன்றும் கண்ணால் பார்க்கக் கூடியவை, கையெட்டும் தூரத்தில் இருப்பவை.

இதனால்தான் நான் யாருக்கும் கோயிலிலிருந்து தொடங்கச் சொல்வதில்லை. கோயிலின் பிரம்மாண்டத்தை முதலில் பார்த்துவிட்டால் பிறகு காட்டுக்குள் இருக்கும் ஒரு சிறு குகை கண்ணில் படாது. குகையை முதலில் பார்த்துவிட்டுக் கோயிலுக்கு வந்தால், கோயில் எத்தனை நூற்றாண்டுகளின் முடிவில் எழுந்தது என்பது பிள்ளைகளுக்குத் தானாகவே விளங்கும்.

முதல் நாள் காலை ஏழு மணிக்குள் கீழக்குயில்குடிக்குப் போய்விடுங்கள். நாகமலைப் புதுக்கோட்டைக்குப் பக்கத்தில், ஊரிலிருந்து மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர். மார்கழிப் பனி விலகும் நேரம் அந்தச் சமணர் மலை ஏறுவதற்கு மிக ஏற்றது. அடிவாரத்தில் அய்யனார் கோயிலும் தாமரைக் குளமும் பழைய ஆலமரமும் இருக்கின்றன. மலையேற முடியாத பெரியவர்கள் அந்த நிழலில் உட்கார்ந்திருக்கலாம். அது காத்திருக்கும் இடம் என்று நினைக்காதீர்கள், மதுரை வட்டாரத்தில் மனம் நிறைய உட்காரத் தகுந்த இடங்களில் அதற்கு முதலிடம் தருவேன்.

பாறையில் வெட்டிய படிகளில் ஏறினால் பேச்சிப்பள்ளம் வரும். ஒரு சுனை, அதன் மேலே பாறையில் வரிசையாக எட்டுச் சிற்பங்கள். சமணர் வணங்கும் பார்சுவநாதரும் பாகுபலியும் மகாவீரரும் அங்கே நிற்கிறார்கள், அமர்ந்திருக்கிறார்கள். 9, 10ஆம் நூற்றாண்டு வேலை. அவற்றின் கீழே வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் செய்வித்தவர்களின் பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றை மகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள்: அச்சணந்தி என்ற சமண முனிவரின் தாய் குணமதியார் செய்வித்த திருமேனி அது. அரசர் பெயரும் தளபதி பெயரும் நிறைந்த வரலாற்றில், துறவியாகிப் போன ஒருவரின் அம்மா தன் பெயரை ஆயிரம் ஆண்டுக்கு மேல் நிற்கும்படி பாறையில் பதித்திருக்கிறாள். இதைப் பார்க்காமல் மதுரையைப் பார்த்ததாக நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இன்னும் மேலே ஏறினால் மாதேவிப் பெரும்பள்ளியின் அடித்தளம் மட்டும் தெரியும். பராந்தக வீரநாராயண பாண்டியன் காலத்துப் பள்ளி அது. அதுவரை போகலாமா என்பதைப் பிள்ளைகளின் கால்களைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

இறங்கி வந்ததும் மலையின் மறுபக்கம் செட்டிப்புடவுக்குப் போங்கள். ஏற்றம் குறைவு. குகை வாசலில் தீர்த்தங்கரர் என்ற சமண ஞானியின் பெரிய சிற்பம், உள்ளே கூரையின் வளைவில் ஐந்து சிற்பங்கள். முதல் சிற்பத்தைப் பையனிடம் விட்டுவிடுங்கள், அவனே கண்டுபிடித்துச் சொல்லட்டும்: சிங்கத்தின் மேல் அமர்ந்த ஒரு பெண் தெய்வம், யானை மேல் வரும் வீரனோடு போரிடுகிறாள். அகிம்சையைப் போதித்த சமயத்தின் குகையில் இப்படி ஒரு போர்க்காட்சி இருப்பது பெரியவர்களையும் யோசிக்க வைக்கும். சிற்பங்களைத் தொடவேண்டாம், எண்ணெய் பூச வேண்டாம், பெயர் கீற வேண்டாம். சிலர் கீறிவைத்த பெயர்களை அங்கே பார்க்கும்போது நெஞ்சு எரிகிறது. பிள்ளைகளிடம் அதையும் காட்டி, ஏன் தவறு என்று அங்கேயே சொல்லிவிடுங்கள்.

வெயில் ஏறும்போது கீழடிக்குப் புறப்பட வேண்டும். மதுரையிலிருந்து தென்கிழக்கே 12 கிலோமீட்டர். சிவகங்கை மாவட்டம் என்றாலும் அது வைகைக் கரை, மதுரையின் மண்தான். 2023 மார்ச் 5ஆம் நாள் திறக்கப்பட்ட அருங்காட்சியகம் செட்டிநாட்டு வீடுகளின் பாணியில், முற்றமும் தூணும் ஓடுமாகக் கட்டப்பட்டிருக்கிறது. கூடம் கூடமாக நடக்க வசதியாக இருக்கும், பெரியவர்களுக்கு உட்கார இடமும் கிடைக்கும்.

இங்கே பிள்ளைகளுக்கு முன்கூட்டியே ஒரு சேதி சொல்லி அழைத்துப் போங்கள், இல்லையென்றால் பானை ஓடுகள் என்று சலித்துவிடுவார்கள். கீழடியில் ராஜா இல்லை. 2014-15இல் அமர்நாத் ராமகிருஷ்ணன் தலைமையில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டத் தொடங்கியது. 2017-18 முதல் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை தொடர்ந்தது. இத்தனை பருவ அகழாய்விலும் வெளிவந்தது வேலை செய்த மக்களின் ஊர்: செங்கல் கட்டுமானங்கள், உறைகிணறுகள், நூல் நூற்கும் தக்களிகள், நெசவுக்கு உதவிய எலும்புக் கூர்முனைகள், சுடுமண் ஆட்டக்காய்கள், தந்தத்தில் செய்த பகடை, சூதுபவள மணிகள். பானை ஓடுகளில் 'ஆதன்', 'குவிரன் ஆத' என்று தமிழி எனப்படும் தமிழ் பிராமி எழுத்தில் கீறியிருக்கிறார்கள். அரசாணை எழுதுவதற்காகப் பொறித்தவை அல்ல. தன் பானையில் தன் பெயரை எழுதிக்கொண்ட சாதாரண மனிதர்களின் கையெழுத்து அவை. 353 சென்டிமீட்டர் ஆழத்தில் கிடைத்த ஒரு மாதிரியைக் கரிமப் பகுப்பாய்வு செய்ததில் கி.மு. 580 என்று காலம் கிடைத்தது. ஒரு தலைநகரம் அரசரால் மட்டும் உண்டாவதில்லை, அதற்கு நெய்பவரும் குயவரும் மணி கோப்பவரும் வேண்டும். அவர்களைப் பார்ப்பதற்குத் தமிழ்நாட்டில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

காட்சிக்கூடங்கள் ஆறு தலைப்புகளில் பிரிக்கப்பட்டிருக்கின்றன. நேரம் குறைவாக இருந்தால் நீர் மேலாண்மைக் கூடத்துக்கும் ஆடை அணிகலன் கூடத்துக்கும் அதிக நேரம் கொடுங்கள். கொந்தகை என்ற பக்கத்து ஊர் கீழடி மக்களின் இடுகாடு. அங்கே கிடைத்த முதுமக்கள் தாழிகளைப் பற்றியும் இங்கே தெரிந்துகொள்ளலாம். புறப்படுவதற்கு முன் அருங்காட்சியகம் அன்று திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். மாலை ஐந்து மணிக்கு மேல் வந்தால் போதும். திருமலை நாயக்கர் 1645இல் வெட்டுவித்த குளம், பரப்பு ஏறத்தாழ 16 ஏக்கர். நடுவில் மைய மண்டபம், நாற்புறமும் கருங்கல் படிகள். மஹால் கட்டுவதற்கு மண் எடுத்த பள்ளம்தான் குளமானது என்றும், அப்படித் தோண்டியபோதுதான் மீனாட்சியம்மன் கோயிலில் இருக்கும் முக்குறுணி விநாயகர் கிடைத்தார் என்றும் ஊரில் சொல்வார்கள். நீண்ட காலம் இந்தக் குளம் தைப்பூசத் தெப்பத் திருவிழாவுக்கு மட்டும் தண்ணீர் கண்டது. மற்ற நாட்களில் உள்ளே கிரிக்கெட் ஆடினார்கள். வைகையிலிருந்து வரும் வாய்க்காலைச் சரிசெய்த பிறகு இப்போது தண்ணீர் நிற்கிறது, சுற்றுவட்டாரக் கிணறுகளிலும் நீர்மட்டம் உயர்ந்திருக்கிறது. பெரியவர்கள் சுற்றுச்சுவரில் உட்காரலாம், பிள்ளைகள் ஒரு சுற்று நடக்கலாம். சுற்றிலும் தின்பண்டக் கடைகளுக்குக் குறைவில்லை.

பூங்காக்களைப் பற்றிக் கேட்டீர்களே, அதற்கு இதுதான் சரியான இடம். நகரப் பூங்காக்களுக்குப் புகழ்பெற்ற ஊர் அல்ல மதுரை. காந்தி அருங்காட்சியகத்துக்குப் பக்கத்தில் ராஜாஜி சிறுவர் பூங்கா இருக்கிறது, மாநகராட்சி அலுவலகத்தை ஒட்டிச் சுற்றுச்சூழல் பூங்கா இருக்கிறது. எட்டு வயதுப் பையன் ஊஞ்சலாடவும் ஓடவும் அவை போதும். ஆனால் இந்த ஊரில் பூங்காவின் வேலையைச் செய்பவை கண்மாய்களும் தெப்பங்களும் மலையடிவாரங்களும்தான். காலையில் பார்த்த கீழக்குயில்குடிக் குளக்கரையும் மாலையில் பார்த்த தெப்பக்குளமும் எந்தச் செயற்கை நீரூற்றுக்கும் குறைந்தவை அல்ல. வைகை அணைப் பூங்காவைச் சிலர் பரிந்துரைப்பார்கள். 1959இல் திறக்கப்பட்ட அந்த அணை நல்ல இடம்தான், ஆனால் ஒரு வழிக்கே 70 கிலோமீட்டர். மூன்று நாளில் அதற்கு அரை நாளைக் கொடுக்காதீர்கள். தண்ணீர் விளையாட்டுப் பூங்காக்கள் கோவையிலேயே இருக்கின்றன.

இரண்டாம் நாள் விடியற்காலையில் கோயில். மார்கழியில் நடை வழக்கத்தைவிட முன்னதாகவே திறந்துவிடும். டிசம்பர் கடைசியில் ஐயப்ப பக்தர்களின் கூட்டம் கோயிலை நிறைத்திருக்கும். ஒன்பது மணிக்கு மேல் போனால் பெற்றோர் வரிசையில் நின்று சோர்ந்துவிடுவார்கள். ஐந்தரை, ஆறு மணிக்கு உள்ளே இருந்தால் தரிசனமும் ஆகும், சிற்பங்களையும் நிதானமாகப் பார்க்கலாம். கைப்பேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்ததற்குப் பிறகு வந்த கட்டுப்பாடு இது. வாசலில் வைப்பறை இருக்கிறது, ஆனால் திரும்ப வாங்கும் வரிசை நீளம். அறையிலேயே வைத்துவிட்டு வருவது நல்லது. யார் எங்கே சந்திப்பது என்று முன்பே பேசிக்கொள்ளுங்கள், பொற்றாமரைக் குளத்தின் படி அதற்கு வசதி. நண்பகல் 12.30 வாக்கில் நடை சாத்தினால் மாலை 4 மணிக்குத்தான் திறக்கும்.

இப்போது மகளின் கேள்விக்குத் திரும்புவோம். பாண்டியர் கட்டியது எது என்று கேட்டால் வெளிப்பிராகாரத்தின் கிழக்குக் கோபுரத்தைக் காட்டுங்கள். 13ஆம் நூற்றாண்டில் மாறவர்மன் சுந்தர பாண்டியன் காலத்தில் எழுந்தது, நான்கு வெளிக்கோபுரங்களில் மூத்தது. மேற்குக் கோபுரம் 14ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் காலத்தது. நான்கிலும் உயரமான தெற்குக் கோபுரம் 1559இல் சிராமலைச் செவ்வந்தி மூர்த்திச் செட்டியார் கட்டுவித்தது, உயரம் ஏறத்தாழ 170 அடி. வடக்குக் கோபுரம் நெடுங்காலம் மேற்பகுதி இல்லாமல் நின்றதால் மொட்டைக் கோபுரம் என்றே பெயர் பெற்றது. நான்கு கோபுரத்தையும் வெளியே சித்திரை வீதியில் ஒரு சுற்று வந்து பார்த்தால், ஒரே நடையில் பாண்டியரும் செட்டியாரும் நாயக்கரும் வந்துபோவார்கள்.

உள்ளே ஆயிரங்கால் மண்டபத்தைத் தவறவிட வேண்டாம். உண்மையில் 985 தூண்கள். 16ஆம் நூற்றாண்டில் தளவாய் அரியநாத முதலியார் எழுப்பியது. வாசலில் குதிரை மேல் அமர்ந்திருப்பவர் அவர்தான். கோயில் கலைக்கூடமாக இருக்கும் இந்த மண்டபத்துக்குத் தனி டிக்கெட் உண்டு, அதனாலேயே பாதிப்பேர் வாசலோடு திரும்பிவிடுகிறார்கள். இளவரசியைத் தோளில் தூக்கிச் செல்லும் குறவன் சிற்பத்தின் முன் நின்று பாருங்கள். கம்பத்தடி மண்டபத்தில் மீனாட்சி திருக்கல்யாணச் சிற்பமும் இருக்கிறது. மணப்பெண்ணின் நாணத்தைக் கல்லில் கொண்டுவந்த அந்தச் சிற்பியின் பெயர் நம்மிடம் இல்லாமல் போனது பெரிய இழப்பு.

இன்னொரு செய்தியைக் கோயிலுக்குள் நின்றே பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 1939 ஜூலை 8ஆம் நாள்வரை ஒடுக்கப்பட்ட மக்கள் இதனுள் நுழைய முடியாது. அன்று காலை காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் தலைமையில், ஒடுக்கப்பட்ட சமூகத்தைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்ட சிலர் உள்ளே சென்று வழிபட்டார்கள். எல்லோரும் நுழையும்வரை நானும் நுழைவதில்லை என்றிருந்த காந்தி, 1946இல்தான் இந்தக் கோயிலுக்குள் வந்தார். கோபுரத்தின் உயரத்தைப் போலவே இதுவும் இந்தக் கோயிலின் வரலாறுதான்.

கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே புதுமண்டபம். திருமலை நாயக்கர் கட்டியது, 124 தூண்கள். நாயக்க மன்னர்கள் பத்துப் பேரின் சிலைகளைத் தூண்களில் பார்க்கலாம். அதையும் கடந்து கிழக்கே போனால் முடிவடையாமல் நின்றுபோன ராயகோபுரத்தின் அடித்தளம் இருக்கிறது. கடைகளுக்கு நடுவே அதன் ஒற்றைக்கல் நிலைகள் நிமிர்ந்து நிற்கின்றன. அந்த நிலைக்கால்களின் பருமனைப் பார்த்தாலே, முடிந்திருந்தால் எத்தனை பெரிய கோபுரமாக இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

கோயிலைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என்று சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். திருவிழா நடக்கும் மாதத்தின் பெயர் வீதிக்கு. சித்திரைத் தேர் மட்டும் மாசி வீதியில் ஓடுகிறது. மாசியில் நடந்த திருவிழாவைத் திருமலை நாயக்கர் சித்திரைக்கு மாற்றியதன் மிச்சம் அது. உங்கள் பயணத்தின்போது மார்கழித் தேய்பிறை அஷ்டமி வந்தால் அதிர்ஷ்டம். சுவாமியும் அம்மனும் வெளி வீதிகளில் சப்பரத்தில் வருவார்கள். அம்மன் சப்பரத்தைப் பெண்கள்தான் இழுப்பார்கள்.

வெளி வீதிகள் கோட்டை இருந்த இடம். விசுவநாத நாயக்கர் 72 கொத்தளங்களோடு கட்டி, ஒவ்வொன்றின் காவலையும் ஒரு பாளையக்காரருக்குக் கொடுத்தார் என்பது மரபு. 1840களில் கலெக்டர் பிளாக்பர்ன் நகரத்தை விரிவாக்க அந்த மதிலை இடிக்கச் சொன்னார். மதிலை இடித்து அகழியை நிரப்புபவர்களுக்கே அந்த நிலம் என்று அறிவித்ததால் மக்களே முன்வந்து இடித்தார்கள். அந்த வேலையை மேற்பார்வை செய்த மாரட்டின் பெயரும் பெருமாள் மேஸ்திரியின் பெயரும் இன்றும் வீதிப் பெயர்களாக இருக்கின்றன. கோட்டையின் ஒரு துண்டு பெரியார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், மேலவாசலில் நிற்கிறது. தினமும் ஆயிரக்கணக்கானோர் அதைக் கடந்து போகிறார்கள். அது என்னவென்று நின்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. நீங்கள் ஐந்து நிமிடம் நில்லுங்கள்.

மதிய உணவும் ஓய்வும் முடித்து மூன்று மணிக்குத் திருமலை நாயக்கர் மஹாலுக்குப் போகலாம். 1636இல் கட்டிய அரண்மனையில் இன்று நாம் பார்ப்பது ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. சொர்க்கவிலாசமும் நாடகசாலையும் மிஞ்சின. ரங்கவிலாசம் போய்விட்டது. நாயக்கரின் பேரன் சொக்கநாதர் தலைநகரைத் திருச்சிக்கு மாற்றியபோது இங்கிருந்த தூணையும் மரத்தையும் பெயர்த்துக்கொண்டு போனார். பாண்டியர் அரண்மனைக்கு என்ன ஆயிருக்கும் என்பதை இங்கேதான் மகள் கண்ணால் பார்ப்பாள்: தலைநகரம் நகர்ந்தால் அரண்மனையும் துண்டு துண்டாக நகர்ந்துவிடும். மிஞ்சியதையும் காப்பாற்றியது 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபு செய்த பழுதுபார்ப்பு. பிறகு 1970 வரை இங்கே நீதிமன்றம் நடந்தது.

சுண்ணாம்புச் சாந்தின் வழவழப்பைத் தூண்களில் பாருங்கள், ஆனால் கை வைக்க வேண்டாம். நாடகசாலையில் தொல்லியல் துறையின் அருங்காட்சியகம் இருக்கிறது. நடுகற்களும் சிற்பங்களும் வைத்திருக்கிறார்கள், அரை மணி நேரம் போதும். வெளியே வந்ததும் பத்துத்தூண் சந்து எங்கே என்று விசாரித்துப் போங்கள். ஜவுளிக் கடைகள் அடைத்த ஒரு குறுகிய சந்தில், கூரையில்லாமல் பத்துப் பெருந்தூண்கள் நிற்கின்றன. காணாமல் போன ரங்கவிலாசத்தில் மிஞ்சியவை என்று அவற்றைச் சொல்கிறார்கள். மஹாலுக்குள் பார்த்ததைவிட இந்தச் சந்தில் நிற்கும்போதுதான் அந்த அரண்மனையின் பரப்பு எனக்கு உறைக்கும். மஹாலைச் சுற்றிய தெருக்கள் சௌராஷ்டிர நெசவாளர்களின் பகுதி. உங்கள் அம்மாவுக்குச் சுங்குடிச் சேலை வாங்குவதாக இருந்தால் இங்கேயே வாங்கலாம்.

இரவில் விளக்குத்தூண் வரை நடந்து ஜிகர்தண்டா குடிக்கலாம், பனிக்காலம் என்று நினைத்தால் பருத்திப்பால். பகலுக்கு நாளங்காடி, இரவுக்கு அல்லங்காடி என்று மதுரைக்காஞ்சி இரண்டு சந்தைகளைச் சொல்கிறது. விளக்குத்தூணைச் சுற்றி இரவு பத்து மணிக்கும் வியாபாரம் நடப்பதைக் காட்டும்போது இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு மறக்காது.

மூன்றாம் நாள் காலை ஒத்தக்கடைக்குப் பக்கத்தில் யானைமலை. ஊருக்குள் நுழையும்போதே படுத்திருக்கும் யானையைப் போலத் தெரியும் அந்த ஒற்றைப் பாறையின் அடியில் நரசிங்கப் பெருமாள் குடைவரை இருக்கிறது. படிகள் அதிகமில்லை, பெற்றோரும் வரலாம். அங்கிருக்கும் கல்வெட்டு கி.பி. 770ஐச் சேர்ந்தது. வடமொழிப் பகுதியைக் கிரந்தத்திலும் தமிழ்ப் பகுதியை வட்டெழுத்திலும் வெட்டியிருக்கிறார்கள். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி இந்தக் குகையைக் குடைவித்தார், ஆனால் குடமுழுக்குக்கு முன்பே இறந்துபோனார். அவர் தம்பி மாறன் எயினன் அமைச்சராகி, முகமண்டபம் எடுத்து வேலையை முடித்தார். அண்ணனின் குறையைத் தம்பி தீர்த்ததை அந்தக் கல் இன்றும் சொல்கிறது. அரண்மனை போன பின்னும் அமைச்சர்களின் பெயர் நமக்குக் கிடைப்பது இப்படித்தான். சற்றுத் தள்ளி லாடன் கோயில் என்ற முருகன் குடைவரையும் உண்டு. பூட்டியிருந்தால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு வாருங்கள்.

அங்கிருந்து ஊருக்குத் திரும்பும் வழியில் தல்லாகுளம் பக்கம் காந்தி நினைவு அருங்காட்சியகம். ராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனை, பிறகு ஆங்கிலேய கலெக்டர்களின் மாளிகை, 1959 ஏப்ரல் 15 முதல் அருங்காட்சியகம், திறந்து வைத்தவர் நேரு. முதலில் விடுதலைப் போராட்டக் கண்காட்சி, அதை மகள் நிதானமாகப் படிக்கட்டும். பிறகு காந்தியின் வாழ்க்கைப் படங்கள். கடைசியில் 1948 ஜனவரி 30ஆம் நாள் அவர் உடுத்தியிருந்த, ரத்தக்கறை படிந்த துணி கண்ணாடிப் பேழைக்குள் இருக்கிறது. எட்டு வயதுப் பையனுக்கு அதை எப்படிச் சொல்வது என்று நீங்கள் முன்கூட்டியே யோசித்துக்கொள்வது நல்லது. அந்த அறையில் யாரும் உரக்கப் பேசுவதில்லை.

காந்தியின் அரையாடைக்கும் மதுரைக்கும் உள்ள உறவு அருங்காட்சியகத்தோடு முடியவில்லை. 1921 செப்டம்பர் 22ஆம் நாள் மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில்தான் அவர் மேலாடையை விட்டார். அந்த வீட்டின் கீழ்த்தளத்தில் கதர்க்கடை நடக்கிறது, மாடியில் அவர் தங்கிய இடத்தைப் பார்க்கலாம். அந்த உடையில் முதன்முதலாக மக்கள் முன் தோன்றிய இடம் காமராஜர் சாலையில் காந்தி பொட்டல் என்ற பெயரோடு இருக்கிறது. இரண்டாம் நாள் மாசி வீதிகளில் நடக்கும்போதே மேலமாசி வீதி வீட்டைப் பார்த்துவிட்டால், மூன்றாம் நாள் பேழையின் முன் நிற்கும்போது இரண்டும் சேர்ந்துகொள்ளும்.

அதே வளாகத்தில் அரசு அருங்காட்சியகமும் இருக்கிறது. சிறியது, சில செப்புத் திருமேனிகளும் சிற்பங்களும் பார்க்கத் தகுந்தவை. தமிழ்நாட்டு அரசு அருங்காட்சியகங்களுக்குப் பொதுவாக வெள்ளிக்கிழமை விடுமுறை. நேரம் நெருக்கினால் இதை விட்டுவிட்டு, புதுநத்தம் சாலையில் 2023 ஜூலை 15 அன்று திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்கள். அருங்காட்சியகம் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன்: அதன் குழந்தைகள் பிரிவை விட்டுப் பையன் வெளியே வர மாட்டான், பெற்றோருக்குக் குளிர்ச்சியான இடத்தில் இரண்டு மணி நேரம் நாளிதழ் படிக்கலாம். 1901இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவிய ஊரில், புதிதாக எழுந்த இந்த நூலகத்தில் பள்ளிப் பிள்ளைகள் கூட்டமாக உட்கார்ந்து படிப்பதைப் பார்க்க எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அழகர்கோவிலுக்குப் போக உங்கள் பெற்றோர் விரும்பினால், ஊரிலிருந்து 21 கிலோமீட்டர். யானைமலையிலிருந்து நேரே போய்விட்டு மதியத்துக்கு மேல் காந்தி அருங்காட்சியகம் வரலாம், நூலகத்தை விட வேண்டியிருக்கும். திருப்பரங்குன்றத்தின் கருவறையும் 8ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் குடைவரைதான். சமணர் மலையிலிருந்து கீழடிக்குப் போகும் நாளில் இடையே அதைச் சேர்க்க ஆசை வரும், சேர்க்காதீர்கள். மூன்றும் ஒரே நாளில் என்றால் எதுவும் மனத்தில் நிற்காது, பெரியவர்களின் முழங்காலும் தாங்காது.

வண்டியைப் பொறுத்தவரை முதல் நாளும் மூன்றாம் நாளும் வாடகைக் கார் எடுத்துக்கொள்ளுங்கள். கீழக்குயில்குடிக்கு டவுன் பஸ் உண்டு, ஆனால் பெற்றோரோடு மாறி ஏறுவது சிரமம். இரண்டாம் நாள் கார் வேண்டவே வேண்டாம், மாசி வீதிகளில் கார் நின்ற இடத்திலேயே நிற்கும். அறையை மேற்குப் பெருமாள் மேஸ்திரி வீதிப் பக்கம் எடுத்தால் கோயிலுக்கும் மேலமாசி வீதிக்கும் நடந்தே போகலாம், மஹாலுக்கு ஆட்டோ.

உங்களுக்கு நான்காவதாக ஒரு காலைப்பொழுது கிடைத்தால் அரிட்டாபட்டிக்கு வாருங்கள். மேலூர்ப் பக்கம் இருக்கும் அந்த ஊரை 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது. ஒரே மலைத் தொடரில் தமிழிக் கல்வெட்டும், சமணச் சிற்பமும், சிவனின் அவதாரமாகக் கருதப்படும் லகுலீசரின் சிற்பம் உள்ள பாண்டியர் குடைவரையும், அவற்றுக்கு மேலே வட்டமிடும் வல்லூறுகளும் இருக்கின்றன. அங்கிருந்து மாங்குளம் மீனாட்சிபுரம் மலை தூரமில்லை. 1882இல் ராபர்ட் சிவெல் கண்டறிந்த அந்தக் கல்வெட்டுகளில் நெடுஞ்செழியன் என்ற பெயர் இருக்கிறது. சங்க இலக்கியத்தில் படித்த பாண்டியன் பெயரைக் கல்லிலும் படிக்கக் கிடைக்கும் இடம் அது. ஏற்றம் கடினம், வழிகாட்ட ஊர்க்காரர் ஒருவரை அழைத்துக்கொள்ளுங்கள். 2024இல் இந்த வட்டாரத்தில் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏல உரிமை கொடுக்கப்பட்டது. சுற்றுவட்டார கிராமங்கள் எல்லாம் திரண்டு எதிர்த்தன. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. போராடியவர்களில் யாரையாவது அங்கே சந்தித்தால் பிள்ளைகளோடு நின்று பேசுங்கள். அந்தக் கல்வெட்டும் குகையும் எங்கே இருக்கின்றன என்று அவர்களே கூட்டிப்போய்க் காட்டுவார்கள்.